நான்கு போர்ஷன், முதல் ஆண்டு: வாடகை வீட்டில் பணம் எங்கே கரைகிறது

அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. கீழே இரண்டு போர்ஷன், மாடியில் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 450 சதுர அடி: ஹால், படுக்கையறை, சமையலறை, ஒரு குளியலறை. சென்னைக்குத் தெற்கே மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் முதன்முதலாக வாடகை வீட்டில் இறங்குகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் இப்படி ஒரு பழைய கட்டடத்தைத்தான். சம்பளத்தில் சேர்த்தது பாதி, வங்கிக் கடன் பாதி.

இந்த ஆய்வில் வருவது ஒரு மாதிரி வீடு. முதல் வாடகை வீட்டில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே கட்டடத்தின் ஓராண்டுக் கணக்கில் கோத்திருக்கிறோம். வாடகை, கூலி, விலை எல்லாம் விகிதம் புரிவதற்காக வைத்த எண்கள். சட்டமும் வரியும் உண்மையில் உள்ளபடி.

புதிதாக வீடு வாங்குபவர் பார்ப்பது மாத வாடகையை. வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, தவணையைக் கழித்து, மிச்சத்தைப் பார்க்கிறார். ஆனால் இந்தத் தொழிலில் பணம் போவது ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது பால் காய்ச்சும் வரை உள்ள இடைவெளியில். குடி மாறும் அந்தச் சில வாரங்களை யார் நன்றாகக் கையாள்கிறாரோ அவருக்குத்தான் வாடகை வீடு கட்டுப்படியாகும்.

வாங்கிய கணக்கு

விலை 1 கோடி ரூபாய். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 9 லட்சம். (2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது.) புரோக்கருக்கு 1 லட்சம், வக்கீல் கருத்துரைக்கும் வங்கிச் செலவுக்கும் 40,000, வாங்கியதும் செய்த பழுதுபார்ப்பும் வெள்ளையும் 2.5 லட்சம். மொத்தம் 1,12,90,000 ரூபாய். வாடகை எத்தனை சதவீதம் தருகிறது என்று கணக்கிடும்போது வகுக்க வேண்டியது இந்தத் தொகையால். விலையால் மட்டும் வகுப்பது முதல் பிழை.

கடன் 50 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 43,400. போர்ஷனுக்கு 9,500 வீதம் நான்குக்கும் வாடகை 38,000. மாதம் ஐயாயிரத்துச் சொச்சம்தானே குறைகிறது, சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று இறங்கியாயிற்று.

பத்திரத்தைப் பொறுத்தவரை 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். வக்கீல் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. அனுமதி பெற்ற வரைபடத்தில் இரண்டு குடியிருப்பு, கட்டியிருப்பது நான்கு. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இது மிகச் சாதாரணம். வாங்கும்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூடுதல் மின் இணைப்பு கேட்கும் நாளிலும், திரும்ப விற்கும் நாளிலும் இதே வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராக ஒத்துப்பார்க்க அரை நாள் போதும். விலை பேசுவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கீழ்ப் போர்ஷனின் மின்மீட்டர் பலகையும் மோட்டார் ஸ்டார்ட்டரும் அந்த அளவுக்கு மேலே இருக்கின்றனவா, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தரைமட்டத்தில் கிடக்கிறதா என்பது அடுத்தது. தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் போய்விட்டால் குடித்தனம் இருக்கும் வீடும் ஒரு வாரத்துக்குக் காலி வீடுதான்.

முதல் ஆண்டு நடந்தது

ஏப்ரல் 1-ல் வீடு கைக்கு வந்தபோது இரண்டு போர்ஷனில் பழைய குடித்தனம், இரண்டு காலி. மார்ச் முடியும்போது கணக்கு இது:

முழு ஆண்டு வாடகை, நான்கு போர்ஷனும் நிரம்பியிருந்தால்: 4,56,000
காலியாகக் கிடந்தது, நான்கு போர்ஷனுக்கும் சேர்த்து 48 மாதத்தில் 7 மாதம்: 66,500
புரோக்கர் கமிஷன், இரண்டு முறை: 19,000
குடி மாறியபோது பெயின்ட், இரண்டு போர்ஷன்: 36,000
மாடிக் குளியலறை ஒழுக்கு: 38,000
கோடையில் லாரித் தண்ணீர்: 10,000
சொத்து வரி, இரண்டு அரையாண்டு: 7,000
பொது மின்சாரம், கூட்டிப் பெருக்குதல்: 18,000
நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுத்து ரீவைண்டிங் செய்து இறக்கியது: 9,500

கழிவு 2,04,000. மிச்சம் 2,52,000. போட்ட முதலுக்கு 2.2 சதவீதம். ஆண்டுத் தவணை 5,20,700 என்பதால் கைக்காசு 2,68,700 போனது. மாதம் ஐயாயிரம் குறையும் என்று நினைத்த இடத்தில் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் குறைந்தது.

இந்த 2,04,000-ல் முதல் மூன்று வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். 1,21,500. ஐந்தில் மூன்று பங்கு குடி மாறியதால் மட்டுமே போனது.

பதினோரு மாதமும் ஆடி மாதமும்

பழைய குடித்தனங்கள் இரண்டிலும் பதினோரு மாத ஒப்பந்தம். ஒன்று செப்டம்பர் 1-ல் தொடங்கியது, மற்றது பிப்ரவரி 1-ல். தமிழ்நாட்டில் வீடு மாறுகிறவர்கள் அதிகம் விரும்பும் இரண்டு சமயம் இவை: ஆவணி, தை. விரும்பிய மாதத்தில் குடி வந்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. முடியும் தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 1-லிருந்து பதினோரு மாதம் என்றால் ஜூலை 31, நடு ஆடி. பிப்ரவரி 1-லிருந்து பதினோரு மாதம் டிசம்பர் 31, நடு மார்கழி. இந்த இரண்டு மாதமும் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாற மாட்டார்கள், பார்க்கக்கூட வர மாட்டார்கள்.

முதல் போர்ஷன் ஜூலை 31-ல் காலியானது. ஆடி முடிந்து ஆவணி பிறந்த பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதற்குள் கீழே கூரையில் ஒழுக்கு வேலை இழுத்ததால் அக்டோபர் 1-ல்தான் குடி வந்தது. இரண்டு மாதம் போயிற்று. இரண்டாவது போர்ஷன் டிசம்பர் 31-ல் காலி. தை பிறந்த பிறகு பேச்சு நடந்து, மார்ச் 1-ல் குடி. அங்கேயும் இரண்டு மாதம். வாங்கும்போதே காலியாக இருந்த இரண்டும் பழுதுபார்ப்புக்காக ஒன்றரை மாதம் வீதம் கிடந்தன. ஆக ஏழு.

பதினோரு மாதம் என்பது கல்லில் செதுக்கிய எண் அல்ல. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. எட்டு மாதத்துக்கும் எழுதலாம், ஒன்பது மாதத்துக்கும் எழுதலாம். அக்டோபர் 1-ல் வந்தவருக்கு மே 31 வரை எட்டு மாதம் என்று எழுதினால் அவர் காலி செய்தாலும் அது கோடை விடுமுறை. பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுகிற குடும்பங்கள் வீடு தேடும் நேரம். மே நடுவில் வந்தவருக்குப் பதினோரு மாதம் சரியாகச் சித்திரையில் முடியும். மார்ச் 1-ல் வந்தவருக்கு ஜனவரி 31, அதாவது தை. அதுவும் நல்ல மாதம்தான். நான்கு போர்ஷனும் ஒரே மாதத்தில் முடியாமல் இருப்பது அட்வான்ஸ் திருப்பித் தரவும் உதவும்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே குடித்தனக்காரரைக் கேட்டுவிட வேண்டும். "சார், இருக்கீங்களா, மாத்துறீங்களா?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. காலி செய்வதாகச் சொன்னால், அவர் இருக்கும்போதே புதியவர்களுக்கு வீட்டைக் காட்டலாம்; அதற்கும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பொருட்களோடு இருக்கும் வீட்டைப் பார்ப்பவருக்கு எங்கே கட்டில், எங்கே பீரோ என்பது உடனே புரிந்துவிடும்.

வாடகை ஏற்றுவதும் இதே கணக்குக்குள் வருகிறது. 9,500-ஐ 10,500 ஆக்கினால் ஆண்டுக்கு 12,000 கூடும். அதற்காக இருப்பவர் கிளம்பிவிட்டால் ஒன்றரை மாத வாடகை 14,250, பெயின்ட் 18,000, கமிஷன் 9,500: மொத்தம் 41,750 போகும். அந்த ஆயிரம் ரூபாய் ஏற்றம் இதை ஈடுகட்ட மூன்றரை ஆண்டு வேண்டும். நேரத்துக்கு வாடகை தரும், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் குடித்தனத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது நஷ்டத்துக்கு வழி என்பது எங்கள் உறுதியான கருத்து.

அட்வான்ஸ் யாருடைய பணம்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நெடுநாள் வழக்கம். இந்த வீட்டில் போர்ஷனுக்கு 95,000. குடித்தனத்தோடு வீடு வாங்கும்போது, இருப்பவர்கள் முன்பு கொடுத்த அட்வான்ஸ் விற்பவர் கையில் இருக்கிறது. நாளை திருப்பித் தர வேண்டியவர் புதிய உரிமையாளர். எனவே அந்த 1,90,000-ஐ விலையில் கழித்துக்கொள்ள வேண்டும், இன்ன குடித்தனத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிட்டு, பிறகு விற்றவரின் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார்கள்.

மாதிரி வீட்டின் உரிமையாளர் கழித்துக்கொண்டார். ஆனால் கழித்த பணம் அப்படியே வீட்டுக்கான கைப்பணத்தில் சேர்ந்துவிட்டது. ஜூலையில் ஒருவர் காலி செய்தபோது 95,000 இல்லை. புதியவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் பழையவருக்குத் தர முடியும் என்ற நிலை. ஆடியில் புதியவர் எங்கிருந்து வருவார்? பழையவர் பணம் வந்தால்தான் சாவி என்றார். அதோடு பெயின்டுக்காக ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்று உரிமையாளர் சொல்ல, ஒப்பந்தத்தில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் கேட்க, இருபது நாள் வீடு பூட்டியே கிடந்தது. ஒழுக்கு வேலையைத் தொடங்குவது தள்ளிப்போனதற்கும் அதுதான் காரணம்.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தந்துவிட வேண்டும். பத்து மாதம் வாங்குவதால் கிடைக்கும் வட்டி சிறியது. அவ்வளவு பணத்தை ஒரே சமயத்தில் புரட்ட முடியாமல் திரும்பிப் போகும் நல்ல குடும்பங்கள் அதிகம். இரண்டாம் ஆண்டில் மூன்று மாதமாகக் குறைத்து 28,500 வாங்கி, அதை வாடகை வரும் கணக்கில் சேர்க்காமல் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டதும் காலி செய்பவருக்குச் சாவி வாங்கிய அன்றே பணம் கொடுக்க முடிந்தது.

மாடிக் குளியலறையிலிருந்து கீழே

பழைய அடுக்கு வீட்டில் அதிகம் பணம் தின்பது இது. கீழ்ப் போர்ஷன் குளியலறையின் கூரையில் கையகல ஈரம். பிறகு சுண்ணாம்பு உப்பியது, பிறகு பெயர்ந்து விழுந்தது. கொத்தனார் வந்து கீழேயிருந்து சிமெண்ட் பூசி வெள்ளையடித்தார், 4,000 ரூபாய். ஆறே வாரத்தில் அதே ஈரம் வந்தது. இன்னொரு முறை பூச்சு, இன்னொரு 4,000. மேலேயிருந்து வரும் தண்ணீரைக் கீழேயிருந்து அடைக்க முடியாது என்பது மூன்றாவது முறைதான் ஏறியது.

காரணத்தை உடைக்காமலே கண்டுபிடிக்கலாம். மாடிக் குளியலறையை ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தாமல் வைத்து, குழாய்களை எல்லாம் மூடிவிடுங்கள். அப்போதும் கீழே சொட்டு நிற்கவில்லை என்றால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கலாம். நின்றுவிட்டால் அடுத்த சோதனை. தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலியைத் துணி சுற்றிய பிளாஸ்டிக் பையால் இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, கொஞ்சம் நீலம் கரைத்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே நீலம் தெரிந்தால் டைல்ஸ் இடுக்கு அல்லது அதன் கீழுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது. தெரியாமல், அடைப்பை எடுத்து தண்ணீரை விட்ட பிறகு தெரிந்தால் ஜாலிக்குக் கீழே உள்ள டிராப்பின் (கழிவுநீர் இறங்கும் வளைகுழாய்) இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

இந்த வீட்டில் டிராப் இணைப்பு. பழைய குளியலறைகளில் கான்கிரீட் தளத்தை ஒரு அடி அளவுக்குத் தாழ்த்தி, அதன்மேல் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். இணைப்பில் கசிவு வந்தால் அந்த ஜல்லி முழுக்கத் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சொட்டும். அதனால் டிராப்பைச் சுற்றி நான்கு டைல்ஸை மட்டும் எடுப்பதா, முழுத் தரையையும் எடுப்பதா என்பது ஜல்லி எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே முழுவதும் எடுக்க வேண்டியிருந்தது. புது பி.வி.சி. டிராப், குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தில் சுருங்காத கிரௌட் (இடைவெளியை நிரப்பும் கலவை), அதன்மேல் பாலிமர் பூச்சு இரண்டு கோட், சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றி. காய்ந்த பிறகு டைல்ஸ் பதிப்பதற்கு முன்பே மறுபடியும் தண்ணீர் கட்டி இரண்டு நாள் பார்த்தார்கள். அந்தச் சோதனையை விட்டுவிட்டு டைல்ஸ் போடச் சொல்லும் ஆளிடம் வேலை கொடுக்கவே கூடாது. டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளை சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி. செலவு 30,000. முன்பு வீணான 8,000-ஐச் சேர்த்து 38,000.

கீழே கூரை முழுக்கக் காய மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் பெயின்ட் அடித்தால் தோல் உரிவதுபோல் உரியும். குடி வருபவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, அந்தக் கூரையை மட்டும் ஒரு மாதம் கழித்து அடித்துத் தருவதாக எழுதிக்கொடுத்தால் போதும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறைத்து அடித்தால் இரண்டாம் மாதமே நம்பிக்கை போய்விடும்.

தண்ணீர்

மாடியில் 2,000 லிட்டர் தொட்டி ஒன்று, நான்கு போர்ஷனுக்கும் பொது. யாராவது ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு வேலைக்குப் போனால் நால்வருக்கும் தண்ணீர் இல்லை. யார் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. முதல் ஆண்டில் உரிமையாளருக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். தீர்வு எளிது: பொதுத் தொட்டியை எடுத்துவிட்டு 500 லிட்டர் தொட்டி நான்கு, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, மேலே போர்ஷன் எண். யாருடைய தொட்டி காலியானதோ அவருக்கே காரணம் தெரியும். மோட்டாருக்கு மிதவை சுவிட்சும், போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் தானே நிற்கும் கருவியும் சேர்த்துப் போட வேண்டும். இந்த வீட்டில் மோட்டார் காயில் எரிந்தது மே மாதம், போரில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடியதால்.

லாரித் தண்ணீரில் கவனிக்க வேண்டியது சம்ப்பின் கொள்ளளவு. நான்கு குடித்தனம், வீட்டுக்கு மூன்று பேர், ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்றால் மாதம் 36,000 லிட்டர். கோடையில் போர்வெல் பாதி தந்தால் மிச்சம் 18,000. இங்கே தனியார் லாரி 12,000 லிட்டர், சம்ப் 6,000. இறக்க இடமில்லாமல் சிறிய லாரி கேட்டால் லிட்டருக்கு விலை கூடுகிறது, அவசரத்துக்கு அதுவும் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு லாரியைப் பகிர்ந்துகொள்வது, இல்லையென்றால் தரையில் 3,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டை வைத்து சம்ப்போடு இணைப்பது என்று இரண்டு வழி உண்டு. 2019 கோடையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் லாரிக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். லாரிச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வாக்குவாதம்.

மின்சாரம்

நான்கு போர்ஷனுக்கு இரண்டே மீட்டர். உள்ளே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் பழக்கம். குடித்தனக்காரர்களின் உண்மையான குறை இது, சரிசெய்ய வேண்டியதும்கூட. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு குடும்பம் ஒரு மீட்டரில் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நூறு. தனித்தனியாக 270 யூனிட் ஓட்டும் இரு குடும்பங்கள் சேர்ந்து 540 ஆகி, 500-ஐத் தாண்டியதும் மேல் படிக்கட்டு விகிதத்துக்குப் போய்விடும். தனிச் சமையலறை, தனி வாசல், தனிக் குடித்தனம் என்று காட்டித் தனி இணைப்பு வாங்குவதே நேர்மையான வழி. வரைபடத்தில் உள்ள குடியிருப்பு எண்ணிக்கை இங்கேதான் குறுக்கே வரும். கிடைக்கும்வரை, வந்த பில்லை அப்படியே காட்டி, சப்-மீட்டர் அளவு விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வரவில்லை என்று மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதை 2017 சட்டம் தடை செய்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் போகும், தவறு உரிமையாளர் மேல்தான் நிற்கும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, அறிவிப்புக் கொடுத்தும் கட்டவில்லை என்றால் காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

பதினோரு மாதம்தானே, பதிவு வேண்டாம் என்பது பழைய சட்டத்தின் நினைவு. இப்போது எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்கலாம். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

பழுது யாருடையது என்பதை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்திருக்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுதல், மின்வயரிங் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், பிளக், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு எடுப்பது குடியிருப்பவருக்கு. இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திட்டால் பின்னால் வரும் சில்லறைச் சண்டை பெரும்பாலும் வராது. காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கும் சென்னை வழக்கம் அட்டவணைக்கு மாறானது. பிடிப்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். ஓராண்டு மட்டும் இருந்தவரிடம் பிடிப்பதும் ஐந்தாண்டு இருந்தவரிடம் பிடிப்பதும் ஒன்றல்ல, அந்த வித்தியாசத்தையும் எழுதலாம்.

வாடகை எந்த நாளிலிருந்து என்பதையும் எழுத வேண்டும். நல்ல நாள் பார்த்து 5-ஆம் தேதி பால் காய்ச்சிவிட்டு, 20-ஆம் தேதி சாமான் கொண்டுவருபவர் 20-லிருந்துதான் வாடகை என்று நினைப்பார். சாவி கைமாறிய நாளிலிருந்து என்று எழுதி, அந்த நாளையும் குறித்துவிட்டால் தீர்ந்தது.

சாவி கொடுக்கும் நாளில் கால் மணி நேரம் செலவிட்டு வீடு முழுக்க ஒரே வீடியோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, வாஷ்பேசின் விரிசல், டைல்ஸ் உடைப்பு, சுவரில் ஆணித்துளை எல்லாம் தெரியும்படி. மின்மீட்டர் எண்ணும் சாவிகளின் எண்ணிக்கையும் அதிலேயே. காலி செய்யும் நாளில் அதே வரிசையில் இன்னொரு வீடியோ. மின்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அன்றைய மீட்டர் அளவைக் குறித்து, அதுவரைக்குமான தொகையை அட்வான்ஸில் கழிக்காவிட்டால் அடுத்து வருபவர் தலையில் பழைய பில் விழும்.

பெயின்டைப் பொறுத்தவரை 450 சதுர அடி வீட்டின் சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 1,500 சதுர அடி. பட்டி வைக்காமல் இரண்டு கோட் எமல்ஷனுக்குச் சதுர அடிக்கு 12 ரூபாய் என்றால் 18,000. நான்கு போர்ஷனுக்கும் ஒரே நிறம், ஒரே எண் வைத்து, மிச்ச டப்பாவில் எண்ணை எழுதி வைத்திருந்தால் ஓராண்டே இருந்தவர் போன பிறகு அழுக்கான சுவரை மட்டும் அடித்து ஐயாயிரத்துக்குள் முடிக்கலாம். போர்ஷனுக்கு ஒரு நிறம் என்று அழகு பார்த்தால் ஒவ்வொரு முறையும் முழு வீடும் அடிக்க வேண்டும்.

வரி

வீட்டு வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டிச் செலவுகளைக் கழிக்கும் வழி 2024-25 நிதியாண்டிலிருந்து இல்லை. வீட்டுச் சொத்து வருமானமாகத்தான் காட்ட வேண்டும். வந்த வாடகை 3,89,500. கட்டிய சொத்து வரி 7,000 போக 3,82,500. இதில் 30 சதவீதம், 1,14,750, நிலையான கழிவு. ஒழுக்குக்கு 38,000 செலவானாலும் ஒன்றும் செலவாகாவிட்டாலும் அதே 30 சதவீதம்தான். மிச்சம் 2,67,750. முதல் ஆண்டுக் கடன் வட்டி சுமார் 4,21,000 என்பதால் நஷ்டம் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். பழைய வரி முறையில் இருப்பவர் ஆண்டுக்கு 2 லட்சம் வரை இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்க முடியாது. வீடு வாங்குவதற்கு முன் இதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். மாநகராட்சிப் பகுதியில் சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். ஏப்ரலும் அக்டோபரும்.

இரண்டாம் ஆண்டு

ஒரே ஒரு போர்ஷன் காலியானது, தையில். ஒரு மாதம் கிடந்தது, 9,500. முழு பெயின்ட், 18,000. ஆளை அழைத்துவந்தது மாடியில் குடியிருப்பவர், அதனால் கமிஷன் இல்லை. லாரியைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்ததில் 7,000. சொத்து வரி 7,000, பொதுச் செலவு 18,000, பழுதுக்கென்று மாதம் ஆயிரம் வீதம் ஒதுக்கியது 12,000. கழிவு மொத்தம் 71,500. வாடகையில் ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் மிச்சம் 2,52,000-லிருந்து 3,84,500 ஆனது, போட்ட முதலுக்கு 3.4 சதவீதம். தவணைக்கு இன்னும் ஆண்டுக்கு 1,36,200, மாதம் 11,350 சம்பளத்திலிருந்து போகிறது. அடுத்து முடியும் ஒப்பந்தம் ஏப்ரல் 14, கீழ் வடக்குப் போர்ஷன். பிப்ரவரி நடுவில் கேட்க வேண்டும்.